டோரிஸ் டே: சிரிப்புக்குப் பின்னால ஒரு சம்பளக்காரி

டோரிஸ் டேன்னு சொன்னா நம்மாளுங்க பத்துல ஒன்பது பேருக்கு ஞாபகம் வர்றது 'கே செரா செரா' பாட்டு ஒண்ணுதான். என் ரூம்மேட் மதுரைக்காரி, சினிமான்னா உசுரு. அவகிட்ட இந்தப் பதிவைப் பத்திச் சொன்னப்ப, "யாரு டீ, அந்த கே செரா செரா பாட்டியா? அவங்க நடிச்சிருக்காங்களா என்ன?"ன்னு கேட்டா.

நடிச்சிருக்காங்களாவா! 1948-லேர்ந்து 1968 வரைக்கும் 39 படம் தாயே. தியேட்டர்காரங்க ஓட்டுப் போட்டு வருஷா வருஷம் வெளிவந்துக்கிட்டு இருந்த வசூல் நட்சத்திரப் பட்டியல்ல 1960, 1962, 1963, 1964 நாலு வருஷம் முதலிடம். நடிகைகள்ல மட்டும் இல்லை, ஜான் வெய்ன், ராக் ஹட்சன் எல்லாரையும் சேர்த்து முதலிடம். இந்தக் கணக்குல அவங்களுக்குச் சமமா நிக்கிற ஒரே பெண், முப்பதுகள்ல குழந்தை நட்சத்திரமா இருந்த ஷெர்லி டெம்பிள்.

ஆனா 2019 மே 13 அன்னிக்கு, 97 வயசுல அவங்க இறந்தப்ப வந்த அஞ்சலிகளைப் படிச்சுப் பாருங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணு, வெள்ளந்திச் சிரிப்பு, ஐம்பதுகளின் அமெரிக்கக் கனவு... திரும்பத் திரும்ப இதேதான். கொஞ்சம் நக்கல் பிடிச்சவங்க இன்னொண்ணையும் சேர்த்துப்பாங்க. ஆஸ்கர் லெவன்ட்னு ஒரு பியானோக்காரர், டோரிஸ் டேயோட முதல் படத்துல கூட நடிச்சவர். அவங்க கன்னிப் பொண்ணா ஆகறதுக்கு முன்னாடியே எனக்கு அவங்களைத் தெரியும்னு ஒரு ஜோக் அடிச்சார். அந்த ஒரு ஜோக் ஒரு நடிகையோட மொத்த உழைப்பு மேலயும் முத்திரை மாதிரி விழுந்துடுச்சு.

எனக்கு இதுல செம கடுப்பு. போன குளிர்கால செமஸ்டர்ல, தீசிஸ் எழுத உக்காரும்போதெல்லாம் ஊர் நூலகத்துலேர்ந்து எடுத்து வந்த டோரிஸ் டே டிவிடிக்களைப் போட்டுப் பார்த்தேன் (தீசிஸ் என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க, கைடே கேக்கறதில்லை :)). ஒரு டஜன் படம் பார்த்து முடிச்சதும் எனக்குத் தோணினது இதுதான்: டோரிஸ் டேயோட கதை வெகுளித்தனத்தோட கதையே இல்லை, சம்பளத்தோட கதை. பதினேழு வயசுலேர்ந்து உழைச்சுச் சம்பாதிச்ச ஒரு பொண்ணு, அந்த உழைப்பு வெளிய தெரியாத அளவுக்கு அதைச் சுலபமா காட்டினதால, உழைக்கவே இல்லைன்னு உலகம் நம்பிடுச்சு.

*

ஒஹாயோ மாநிலம், சின்சினாட்டி. 1922 ஏப்ரல் 3. அப்பா அம்மா வெச்ச பேர் டோரிஸ் மேரி ஆன் கப்பல்ஹாஃப். ஜெர்மன் வழிக் குடும்பம். அப்பா இசை ஆசிரியர், இன்னொரு பொண்ணோட தொடர்புன்னு வீட்டை விட்டுப் போயிட்டார். அம்மாதான் வளர்த்தாங்க.

டோரிஸுக்கு முதல்ல பாட்டு மேலயெல்லாம் ஆசை இல்லை, டான்ஸ்தான். ஒரு பையனோட ஜோடி சேர்ந்து ஆடி, பரிசெல்லாம் வாங்கி, ஹாலிவுட்டுக்குப் போக எல்லாம் தயார். 1937 அக்டோபர் 13 அன்னிக்கு அவங்க போன கார் மேல ரயில் மோதி வலது கால் நொறுங்கிடுச்சு. டான்சர் கனவு அதோட காலி. அப்ப வயசு பதினஞ்சு.

படுக்கையில கிடந்தப்ப துணை ரேடியோ. அதுல எல்லா ஃபிட்ஜெரால்ட் பாடும்போது கூடவே பாடிப் பாடி, அந்தக் குரல் எங்க நெளியுது, எங்க மூச்சு விடுதுன்னு பிடிக்கப் பார்த்தாங்க. அம்மா கவனிச்சு, கிரேஸ் ரெய்ன்னு ஒரு டீச்சர்கிட்ட பாட்டு வகுப்புக்கு அனுப்பினாங்க.

அந்த ஊர்ல டபிள்யூஎல்டபிள்யூன்னு ஒரு வானொலி. முப்பதுகள்ல 5 லட்சம் வாட் சக்தியோட பாதி அமெரிக்காவுக்குக் கேட்ட நிலையம். அதுல பாடிக்கிட்டு இருந்த பொண்ணை பார்னி ராப்னு ஒரு உள்ளூர் இசைக்குழுத் தலைவர் 1939-ல தன் குழுவுல சேர்த்துக்கிட்டார். கப்பல்ஹாஃப்ங்கற பேர் கிளப் வாசல் போர்டுல அடங்காதுன்னு, அவங்க பாடின 'டே ஆஃப்டர் டே' பாட்டுலேர்ந்து 'டே'யை எடுத்து ஒட்ட வெச்சவரும் அவர்தான். டோரிஸுக்கு அந்தப் பேரு கடைசி வரைக்கும் பிடிக்கலை. மலிவான ஆட்டக்காரி பேரு மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்களாம்.

*

இங்க கொஞ்சம் நிறுத்தி, பிக் பேண்ட்னா என்ன, அதுல பாடகியோட இடம் என்னன்னு சொல்லணும். ஏன்னா டோரிஸ் டே நடிப்போட சூட்சுமம் அங்கதான் இருக்கு.

முப்பதுகளோட நடுவுலேர்ந்து நாற்பதுகளோட நடு வரைக்கும் அமெரிக்காவுல ராஜா யாருன்னா, பென்னி குட்மேன், டாமி டார்சி, கிளென் மில்லர் மாதிரி குழுத் தலைவர்கள். சுமார் பதினஞ்சு வாத்தியக்காரங்க. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸஃபோன், பின்னால தாள வாத்தியம். ஜனங்க வர்றது ஆடறதுக்கு. பாடகியோ பாடகரோ அதுல ஒரு சில்லறை அங்கம். மேடையோரம் ஒரு நாற்காலி போட்டிருக்கும். நல்ல கவுன் போட்டுக்கிட்டு, முகத்துல சிரிப்போட அங்க உக்காந்திருக்கணும். குழு பாட்டோட முதல் பாதியை வாசிச்சு முடிச்சதும் எழுந்து மைக் முன்னாடி வந்து ஒரு சுற்று பாடிட்டு, மறுபடி நாற்காலி. இசைத்தட்டுல குழுத் தலைவர் பேர் பெரிசா இருக்கும். பாடகி பேரு கீழ ஒரு துணுக்கு. ராத்திரிக்கு ஒரு ஊர்னு பஸ்லயே தூக்கம், பஸ்லயே சாப்பாடு.

டோரிஸ் டே பார்னி ராப், பாப் கிராஸ்பி குழுக்களுக்கு அப்புறம், 1940-ல லெஸ் பிரவுன் குழுவுக்கு வந்தாங்க. நடுவுல அல் ஜோர்டன்னு ஒரு டிராம்போன்காரரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு விலகினாங்க. அந்த ஆள் கர்ப்பமா இருந்தப்பவே அடிச்சவர்னு தன் வாழ்க்கை வரலாறுல எழுதியிருக்காங்க. 1942-ல பையன் பொறந்தான், 1943-ல விவாகரத்து. இருபத்தொரு வயசுல, கைக்குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு, திரும்பவும் லெஸ் பிரவுனோட பஸ் ஏறினாங்க. 'வெள்ளந்திப் பொண்ணு'ன்னு எழுதினவங்க இந்த வரியை மட்டும் தாண்டிப் போயிடறாங்க.

அப்ப வந்ததுதான் 'சென்டிமென்டல் ஜர்னி'. அது வந்த விதமே ஒரு வேலை நிறுத்தக் கதை. 1942 ஆகஸ்ட்லேர்ந்து வாத்தியக்காரங்க சங்கம், எங்களுக்குப் பங்கு கொடுக்காம இசைத்தட்டு போடக் கூடாதுன்னு பதிவையே நிறுத்திடுச்சு. லெஸ் பிரவுனோட கம்பெனியான கொலம்பியாவோட 1944 நவம்பர்லதான் சமரசம் ஆச்சு. அந்த மாசமே பாட்டு பதிவாகி, 1945-ல போர் முடியற நேரத்துக்கு முதலிடத்துக்கு வந்துடுச்சு. வீட்டுக்குத் திரும்பற சிப்பாய்கள் அதைத் தங்களோட பாட்டாவே ஆக்கிக்கிட்டாங்க.

அந்தப் பாட்டை யூட்யூப்ல ஒரு தடவை கேட்டுட்டு வாங்க. அந்தப் பொண்ணு கத்தலை, உருகலை, ஒரு சங்கதி கூட கூடுதலா போடலை. பதினஞ்சு பேர் வாத்தியத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு, ஏதோ ஒரே ஒரு ஆள் காதுல சொல்ற மாதிரி பாடறாங்க. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா விழுது. மைக் இருக்கு, அதுக்குப் பின்னால ஒரு மனுஷன் இருக்கான், அவன்கிட்ட பேசினாப் போதும்ங்கற புரிதல் அது.

மைக்கை எடுத்துட்டு அங்க கேமராவை வெச்சுப் பாருங்க. சினிமா நடிப்புக்கும் அதேதானே வேணும்? நாடக மேடையிலேர்ந்து வந்தவங்க கேமரா முன்னாடி கையைக் காலை ஆட்டிக்கிட்டு இருந்தப்ப, இந்த பேண்ட் பாடகர்கள் அடக்கி வாசிக்கறதை ஏற்கெனவே படிச்சு முடிச்சிருந்தாங்க. டாமி டார்சி குழுவுலேர்ந்து போன சினாட்ராவும் இப்படித்தான். என் கட்சி இது: டோரிஸ் டேயும் சினாட்ராவும் நல்லா நடிச்சதுக்குக் காரணம் ஒண்ணு, அது மேடையோர நாற்காலி. மத்தவங்க வாசிக்கும்போது கவனமா கேட்டுக்கிட்டு, தன் முறை வந்ததும் எழுந்து, முடிஞ்சதும் உக்காரத் தெரியணும். நடிப்புல பாதி அதுதான்னு நினைக்கிறேன்.

*

1946 டிசம்பர்ல பிக் பேண்ட் உலகம் சரிஞ்சு விழுந்தது. பென்னி குட்மேன், ஹாரி ஜேம்ஸ், டாமி டார்சி, வுடி ஹெர்மன், லெஸ் பிரவுன்னு கிட்டத்தட்ட எட்டு பெரிய குழுக்கள் சில வாரங்களுக்குள்ள கலைஞ்சது. போர் முடிஞ்சு ஜனங்க வீடு, குழந்தைன்னு போயிட்டாங்க, ஆடற கூட்டம் குறைஞ்சது, அத்தனை பேருக்குச் சம்பளம் கட்டுப்படியாகலை. பதிவு நிறுத்தக் காலத்துல பாடகர்கள் மட்டும் சங்கத்துல இல்லாததால தனியா பதிவு பண்ணிப் பேர் வாங்கியிருந்தாங்க. குழு போச்சு, பாடகர் நின்னார்.

டோரிஸ் டே அந்த வருஷமே லெஸ் பிரவுனை விட்டு வெளிய வந்திருந்தாங்க. ரெண்டாவது கல்யாணமும் உடையற நிலைமை. ஒரு பார்ட்டியில பாடச் சொன்னப்ப பாடினாங்க. அங்க இருந்த ஜூல் ஸ்டைன், சாமி கான் ரெண்டு பேரும் வார்னர் பிரதர்ஸ் படத்துக்குப் பாட்டு எழுதிக்கிட்டு இருந்தவங்க. நாயகியா போட வேண்டிய பெட்டி ஹட்டன் கர்ப்பம். இந்தப் பொண்ணைப் பாருங்கன்னு இயக்குநர் மைக்கேல் கர்டிஸ்கிட்ட சொன்னாங்க. ஆமா, 'காசாப்ளாங்கா' எடுத்த அதே கர்டிஸ்.

ஆடிஷன்ல பாட முடியாம அழுதுட்டாங்களாம். கர்டிஸ் விடலை. 1948-ல 'ரொமான்ஸ் ஆன் தி ஹை சீஸ்' வந்து ஹிட். அவர் சொன்ன ஒரே அறிவுரை, நடிப்பு வகுப்புக்குப் போயிடாதேங்கறது. உன்கிட்ட இருக்கறதை வகுப்பு கெடுத்துடும்னு. இதை வெச்சுத்தான் 'அவங்களுக்கு இயல்பாவே வந்தது'ன்னு எல்லாரும் எழுதறாங்க. இயல்பாவா? எட்டு ஒன்பது வருஷம் ராத்திரி ராத்திரி மேடை ஏறினது எந்தக் கணக்கு? வகுப்புக்குப் போனாத்தான் படிப்பா?

*

இப்ப படங்களுக்கு வருவோம். டோரிஸ் டே படம்னா கல்யாணம் வரைக்கும் கற்பைக் காப்பாத்தற கதைன்னு ஒரு பேச்சு. சரி, அந்தப் படங்கள்ல அவங்க என்ன வேலை பார்க்கறாங்கன்னு ஒரு பட்டியல் போடுவோமா?

'தி பஜாமா கேம்' (1957): பைஜாமா தைக்கிற ஃபேக்டரியில சங்கத்தோட குறைதீர்ப்புக் குழுத் தலைவி. மணிக்கு ஏழரை சென்ட் கூலி உயர்வுக்காகப் போராடறாங்க. காதலன் யாருன்னா ஃபேக்டரி மேற்பார்வையாளர். காதலுக்காகச் சங்கத்தை விட மாட்டேங்கறாங்க.

'டீச்சர்ஸ் பெட்' (1958): பத்திரிகைத் துறைப் பேராசிரியை. கிளார்க் கேபிளுக்கே பாடம் எடுக்கறாங்க.

'இட் ஹேப்பன்ட் டு ஜேன்' (1959): சிங்க இறால் வியாபாரம் பண்ற விதவை, ரெண்டு குழந்தைக்கு அம்மா. ரயில்வே கம்பெனி மேல வழக்குப் போடறாங்க.

'பில்லோ டாக்' (1959): நியூயார்க்ல தனியா, சொந்தச் சம்பாத்தியத்துல வாழற வீட்டு அலங்கார நிபுணி. அவங்களுக்குச் சிறந்த நடிகைக்கான ஒரே ஆஸ்கர் பரிந்துரை இந்தப் படத்துக்குத்தான்.

'லவர் கம் பேக்' (1961): விளம்பர கம்பெனி அதிகாரி.

ஐம்பதுகளோட கடைசியில ஹாலிவுட்ல இத்தனை வேலை பார்த்த நாயகி வேற யாரு? 'பில்லோ டாக்'ல அந்தப் பொண்ணு 'மாட்டேன்'னு சொல்றது பயந்துக்கிட்டுச் சொல்றது இல்லை. பொய்ப் பேர் சொல்லி ஏமாத்தற ஒருத்தன்கிட்ட ஏமாற மாட்டேங்கறா. ஏமாந்தது தெரிஞ்சதும், அவன் வீட்டை அலங்கரிக்கற வேலையை எடுத்துக்கிட்டு, கண்ணு கூசற கோரமா பண்ணி வைக்கிறா பாருங்க, அந்த சீனுக்காகவே படம் பார்க்கலாம். எழுபதுகள்லயே மோலி ஹாஸ்கெல்ங்கற விமர்சகர் டோரிஸ் டேயைக் கிண்டல் பண்ணினவங்களுக்கு எதிரா எழுதினாங்க. அதுக்கு அப்புறமும் ஜோக் மட்டும் நிக்குது.

ஒத்துக்க வேண்டியதையும் ஒத்துக்கணும். இந்தப் படங்களோட கடைசிப் பத்து நிமிஷம் பெரும்பாலும் கொடுமை. 'தி த்ரில் ஆஃப் இட் ஆல்' (1963) எடுத்துக்குங்க. டாக்டர் மனைவி சோப்பு விளம்பரத்துல நடிச்சு புருஷனை விட அதிகமா சம்பாதிக்கிறா. அவருக்குப் பொறுக்கலை. படம் முழுக்க அவர்தான் கோமாளி. ஆனா முடிவுல 'எனக்கு டாக்டர் மனைவியா இருந்தாலே போதும்'னு அவ விட்டுக் கொடுத்துடறா. ஒண்ணரை மணி நேரம் நமக்குக் காட்டின சந்தோஷத்தைக் கடைசி ரீல்ல திருப்பி வாங்கிக்கறாங்க. நம்மூர்ல திமிர் பிடிச்ச படிச்ச நாயகி கடைசி சீன்ல தலை குனிஞ்சு நிப்பாளே, அதோட ஒண்ணு விட்ட தங்கச்சி. ஆனா முடிவை எழுதினது அவங்க இல்லை. அந்த ஒண்ணரை மணி நேரச் சந்தோஷம்தான் அவங்களோடது.

*

'லவ் மீ ஆர் லீவ் மீ' (1955) பத்தித் தனியா சொல்லணும். என்னைப் பொறுத்தவரை அவங்க நடிச்சதுலயே உச்சம். ரூத் எட்டிங்னு இருபதுகள்ல நிஜமா இருந்த பாடகியோட கதை. பத்து சென்ட் கொடுத்தா கூட ஆடற ஹால்ல வேலை பார்க்கற பொண்ணு. கை வெச்சவனை எட்டி உதைச்சு வேலை போயிடுது. ஒரு ரவுடி அவளை மேல தூக்கி விடறான், தூக்கி விட்டதுக்கு ஆயுசு முழுக்க வட்டி கேக்கறான். ரவுடியா ஜேம்ஸ் கேக்னி. அடி, மிரட்டல், வேண்டாத கல்யாணம், குடி. ஒரு சீன்லயும் டோரிஸ் டே நம்மகிட்ட பரிதாபம் கேக்கறதில்லை. உதட்டை இறுக்கிக்கிட்டு மைக் முன்னாடி நின்னு பாடறாங்க, பாட்டுல மட்டும் எல்லாம் தெரியுது.

படத்துக்கு ஆறு ஆஸ்கர் பரிந்துரை. கேக்னிக்கு ஒண்ணு உண்டு. டோரிஸ் டேக்கு இல்லை. ரசிகர்கள்கிட்டேர்ந்து வந்ததோ, ஏன் இப்படிக் குடிக்கிற வேஷமெல்லாம் போடறேன்னு கண்டனக் கடிதம். பிம்பம்னு ஒண்ணை ஒட்டி விட்டுட்டா, அதைக் கிழிச்சு வெளிய வந்தாலும் ஜனங்க பசை தடவிக்கிட்டு வந்து நிப்பாங்க.

அடுத்த வருஷம் ஹிட்ச்காக்கோட 'தி மேன் ஹூ நியூ டூ மச்'. அதுல டோரிஸ் டே, டாக்டரைக் கட்டிக்கிட்டதால மேடையை விட்ட பெரிய பாடகி. மொராக்கோவுல பையனைக் கடத்திடறாங்க. புருஷன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் விஷயத்தைச் சொல்றதுக்கு முன்னாடி, வேற காரணம் சொல்லித் தூக்க மாத்திரையை முழுங்க வெக்கறார். அப்புறம்தான் சொல்றார். கத்தவும் முடியாம, ஓடவும் முடியாம, மருந்து உடம்பை இழுக்க அந்தப் பொண்ணு கட்டில்ல புரள்ற அந்தச் சில நிமிஷம்... நடிக்கத் தெரியாதவங்க பண்ற காரியம் இல்லைங்க அது.

அப்புறம் கதை எப்படி முடியுது? லண்டன் ஆல்பர்ட் ஹால்ல அவங்க போடற அலறல் ஒரு உயிரைக் காப்பாத்துது. தூதரகத்துல அவங்க உரக்கப் பாடற பாட்டு மாடியில அடைச்சு வெச்ச பையன் காதுக்குப் போய்ச் சேருது. வாயை மூட வெச்ச குரல்தான் கடைசியில குடும்பத்தையே மீட்குது. அந்தப் பாட்டுதான் 'கே செரா செரா'. டோரிஸ் டேக்கு முதல்ல பிடிக்கவே இல்லை, குழந்தைப் பாட்டுன்னு நினைச்சாங்க. அது ஆஸ்கர் வாங்கி, உலகம் சுத்தி, அடுத்த வருஷமே 1957-ல நம்ம 'ஆரவல்லி' படத்துக்கு ஜி.ராமநாதன் இசையில வந்து சேர்ந்தது. அம்மாகிட்ட ஃபோன்ல மெட்டை முணுமுணுத்தேன். "ஏன்டி, இது ஜிக்கி, ஏ.எம்.ராஜா பாட்டுல்ல? அவங்க எதுக்கு நம்ம பாட்டைப் பாடறாங்க?"ன்னாங்க :)

நம்ம வரிசையில அது குரல் ஒருத்தர், முகம் ஒருத்தர்ங்கற பின்னணிப் பாட்டு. ஹிட்ச்காக் படத்துல குரலும் முகமும் ஒரே ஆளா இருந்தாத்தான் கதையே நடக்கும். பேண்ட் பாடகி நடிகையானதோட முழுப் பயனும் அந்த ஒரு காட்சியில இருக்கு.

*

'ஆகறது ஆகட்டும்'ங்கறது பாட்டுக்குச் சரி. வாழ்க்கையில அது என்ன பண்ணுச்சுன்னு பாருங்க.

மூணாவது புருஷன் மார்ட்டி மெல்ச்சர். 1951-ல கல்யாணம். மேனேஜரும் அவரே, தயாரிப்பாளரும் அவரே. ஜெரோம் ரோசன்தால்ங்கற வக்கீலோட சேர்ந்து இவங்க சம்பாத்தியத்தை எண்ணெய்க் கிணறு, ஹோட்டல்னு முதலீடு பண்ணினார். 1968 ஏப்ரல்ல அவர் இறந்தப்பதான் கணக்கு வெளிய வந்தது. இருபது வருஷ சம்பாத்தியம் மொத்தமும் காலி, மேல கடன். போதாக்குறைக்கு, இவங்களுக்குத் தெரியாமலே ஒரு டிவி தொடர்ல நடிக்க ஒப்பந்தம் போட்டிருந்தார்.

நாலு தடவை நாட்டுலயே முதல் நட்சத்திரமா இருந்தவங்க, தன் காசு எங்க இருக்குன்னு தெரியாம இருந்திருக்காங்க! 'எப்படி இவ்வளவு ஏமாளியா?'ன்னு சுலபமா கேட்டுடலாம். ஆனா நமக்குத் தெரிஞ்ச எத்தனை வீட்டுல, ஐடி வேலையில கை நிறைய வாங்கற பொண்ணோட ஏடிஎம் கார்டு யார் பர்ஸ்ல இருக்கு? எத்தனை அக்காக்களுக்குத் தன் பேர்ல எடுத்த கடன் எவ்வளவுன்னு தெரியும்? சம்பாதிக்கறது ஒரு திறமை. சம்பாதிச்சதுல கையெழுத்துப் போடற உரிமை வேற சமாச்சாரம். முதலாவதை மட்டும் பொண்ணுங்களுக்குக் கொடுத்துட்டு முன்னேற்றம்னு பேர் வெச்சுடறோம்.

அவங்க என்ன பண்ணினாங்க? துக்கம் காயறதுக்குள்ள 1968 செப்டம்பர்லேர்ந்து அந்தத் தொடர்ல நடிச்சாங்க. அஞ்சு வருஷம், 1973 வரைக்கும். தொடக்கத்துல பண்ணை வீட்டு விதவையா இருந்த கதாபாத்திரம், கடைசியில நகரத்துல தனியா வாழற பத்திரிகைக்காரியா மாறிடுச்சு. கூடவே வக்கீல் மேல வழக்கு. 1974-ல நீதிமன்றம் சுமார் 2 கோடியே 28 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லுச்சு. கடைசியில சமரசமா கைக்கு வந்தது சுமார் 60 லட்சம். அந்த வக்கீலோட உரிமத்தை 1987-ல ரத்து பண்ணினாங்க. பாட்டு என்ன சொன்னா என்ன, பாடினவங்க ஆகறது ஆகட்டும்னு உக்காரலை.

*

'தி கிராஜுவேட்' (1967) படத்துல மிஸஸ் ராபின்சன் வேஷத்தை வேண்டாம்னு சொன்னதை வெச்சு அவங்களைப் பழைய பஞ்சாங்கம்ங்கறவங்க உண்டு. என் மதிப்பீடுகளுக்கு ஒத்து வரலைன்னு அவங்களே எழுதியிருக்காங்க. நடிச்சிருந்தா பிரமாதமா இருந்திருக்கும், எனக்கும் வருத்தம்தான். ஆனா வாழ்க்கையில பல ஒப்பந்தங்களை வேற ஒருத்தர் போட்ட ஒரு பொண்ணு, தானா ஒரு 'மாட்டேன்' சொன்னதுக்காக அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை.

1968-க்கு அப்புறம் சினிமாப் பக்கமே திரும்பலை. கலிஃபோர்னியாவுல கார்மெல்னு ஒரு ஊர்ல நாய்களோட குடியேறி, விலங்குகளுக்காக அறக்கட்டளை நடத்தினாங்க. 1985-ல ஒரு விலங்கு நிகழ்ச்சிக்காகப் பழைய ஜோடி ராக் ஹட்சனைக் கூப்பிட்டாங்க. எய்ட்ஸால உருக்குலைஞ்சு வந்து நின்னார். உலகமே தொடப் பயந்த காலத்துல, கேமராக்கள் முன்னாடி கட்டிப் பிடிச்சு வரவேற்றாங்க. அந்த அக்டோபர்ல அவர் இறந்தார். 2004-ல அதிபர் விருது கொடுத்தாங்க, விமானப் பயத்தால வாங்கப் போகலை. 2011-ல, 89 வயசுல, ஒரு ஆல்பம் வெளியிட்டு பிரிட்டன்ல முதல் பத்துக்குள்ள வந்தாங்க. ஆஸ்கர்காரங்க கடைசி வரைக்கும் ஒரு கௌரவ விருது கூட கொடுக்கலை.

இறுதிச் சடங்கு வேண்டாம், நினைவுக் கூட்டம் வேண்டாம், கல்லறைக் கல் கூட வேண்டாம்னு எழுதி வெச்சுட்டுப் போனாங்க. பேண்ட் பாடகிக்கு அது தெரியும். தன் சுற்று முடிஞ்சா நாற்காலியில போய் உக்காரணும், அவ்வளவுதான்.

சுலபமா தெரியற எதையும் சுலபம்னு நினைக்காம இருக்கறதுதான் நாம அவங்களுக்குச் செய்யற மரியாதை. அது டோரிஸ் டே பாட்டா இருந்தாலும் சரி, சிரிச்சுக்கிட்டே ஆபீசுக்கும் போய் வீட்டையும் பார்த்துக்கற நம்ம அக்காவா இருந்தாலும் சரி.

பி.கு 1: எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்னு கேக்கறவங்களுக்கு: முதல்ல 'பில்லோ டாக்', சிரிச்சு முடிச்சதும் 'லவ் மீ ஆர் லீவ் மீ'. அப்புறமும் 'அவங்களுக்கு நடிக்கத் தெரியாது'ன்னு பின்னூட்டம் போட்டா, வந்து சண்டை போடத் தயார்.

பி.கு 2: சினாட்ரா ரசிகர்கள் கோச்சுக்காதீங்க. அவருக்குத் தனிப் பதிவு உண்டு. தீசிஸ் முடிஞ்சதும். (சரி சரி, சிரிக்காதீங்க.)